நாச்சிமுத்துவின் இனம்

எலியின் வலி என்னவென்று அறியாதவருக்கு எலியைத் தொடும் உரிமை இல்லை என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நாட்டில் எல்லோரும் அந்தச் சட்டத்தைப் பாராட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து குழுக்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின. பள்ளிக்கூடங்களில் அதைப் பற்றிக் கட்டுரைப் போட்டிகூட நடந்தது. மங்கையர்க்கரசியும் மனதார வரவேற்றவள்தான். உரிமம் கேட்டுத் தானே விண்ணப்பிக்கும் நாள் வரும்வரை அந்தச் சட்டத்தில் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு மருந்தாய்வு நிறுவனத்தில் அவள் விஞ்ஞானி. அக்கி வந்து ஆறிய பிறகும் சிலருக்கு அந்த இடத்தில் வலி தங்கிவிடும். தோலைப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஆனால் மின்விசிறிக் காற்று பட்டாலே நெருப்பு வைத்தது போல இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்காக மங்கை ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தாள். கண்ணாடித் தட்டில் வளர்த்த நரம்புச் செல்களில் அது அழகாக வேலை செய்தது. அடுத்த படி எலி. எலிக்கு உயிரின நல ஆணையத்தின் உரிமம் வேண்டும்.

ஆணையத்தின் மண்டல அலுவலர் தேவசகாயம் நல்ல மனிதர். அவள் போனபோது மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டிருந்தார். டிபன் பாக்ஸ் மூடியில் கோழி எலும்புகளை வரிசையாக ஒதுக்கி வைத்திருந்தார்.

“உட்காருங்க மேடம். விண்ணப்பம் பிரமாதமா இருக்கு. எந்தக் கால், எந்த நரம்பு, வலி வர்றதுக்கு அதை எப்படிக் கட்டப் போறீங்க, எல்லாம் தெளிவா எழுதியிருக்கீங்க. இனி உணர்வுத் தேர்வு ஒண்ணுதான் பாக்கி.”

“அதுல என்ன நடக்கும் சார்?”

“பெரிசா ஒண்ணுமில்லை. நீங்க செய்யப் போற இதே காரியத்தை முன்னாடி ஒரு எலிக்குச் செஞ்சப்போ அதோட மூளையில என்ன ஓடுச்சோ, அதைப் பதிவு பண்ணி வச்சிருக்கோம். தொப்பியை மாட்டினா அது உங்களுக்கு ஓடும். காயம் இல்லை, ரத்தம் இல்லை. வலி மட்டும்தான். அப்புறம் பயம். முழுசா உட்கார்ந்து முடிச்சீங்கன்னா உரிமம்.”

“நடுவுல எழுந்துட்டா?”

“உங்களால தாங்க முடியாததை எலி மட்டும் எப்படித் தாங்கும்னு சட்டம் கேக்குது. நியாயம்தானே?”

நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் மங்கையின் பார்வை அந்த எலும்புகளின் மேல் போயிற்று. “இதுக்கு உரிமம் வேண்டாமா சார்?”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “சாப்பிடறதுக்கு வேண்டாம் மேடம். விஷம் வைக்கறதுக்கும் வேண்டாம். எங்க ஸ்டோர் ரூம்லயே எலித் தொல்லைன்னு பசை அட்டை வச்சிருக்கோம். ஆராய்ச்சிக்கு மட்டும்தான் வேணும். அதுலதானே வலிக்கும்னு தெரிஞ்சே செய்யறோம்.”

பக்கத்து அறையில் ஒரு நாற்காலி இருந்தது. தலையில் தொப்பியைப் பொருத்தினார்கள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தனக்கு ஒரு வால் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அறை பெரிதாகிக்கொண்டே போயிற்று. வெளிச்சம் தாங்கவில்லை. ஓரமாக எங்காவது ஒண்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதன் பிறகு இடது காலில் ஆரம்பித்தது.

வலியைவிட மோசமாக ஒன்று அதில் இருந்தது. இது எதற்காக, எப்போது முடியும் என்று எலிக்குத் தெரியாது. மங்கைக்குத் தெரியும். ஆனால் தொப்பி தலையில் இருந்தவரை அவளுக்கும் தெரியாமல் போயிற்று. கையில் அகப்பட்ட வயரைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் தயாராக வைத்திருந்த வாளியில் வாந்தி எடுத்தாள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி போனாள். மறுபடியும் அதே வாளி.

“வருத்தப்படாதீங்க மேடம்” என்றார் தேவசகாயம். “படிச்சவங்க முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். உடம்புக்கு முடியாத விண்ணப்பதாரர் பதிலாள் வச்சுக்கலாம்னு ஒரு விதி இருக்கு. உங்களுக்கு ரத்தக் கொதிப்பு உண்டா?”

“இல்லை சார்.”

“இப்போ இருக்கும் பாருங்க.”

பார்த்தார்கள். இருந்தது.

ஆணையத்துக்கு எதிரே ஒரு பேக்கரி. அதன் பெஞ்சுகளில் காலையிலிருந்து, கூலிக்குத் தேர்வில் உட்காரும் பதிலாட்கள் காத்திருப்பார்கள். பெரும்பாலும் விசைத்தறி நின்றுபோனதால் வந்தவர்கள். அவர்களில் கெட்டிக்காரர் என்று எல்லோரும் காட்டிய ஆள் நாச்சிமுத்து. சோமனூர்க்காரர். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, நன்றாக வாரிய தலை. பக்கத்தில் அவருடைய மனைவி மயிலாத்தாள் ஒரு கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

“நான் ஆகாத மிருகம் இல்லீங்க மேடம்” என்றார் நாச்சிமுத்து. “முயலு, நாயி, கொரங்கு, எல்லாம் ஆயாச்சுங்க. கொரங்குதான் கஷ்டம். அது மனுசன் மூஞ்சியவே பாத்துட்டு இருக்கும். எலி சுலபங்க.”

“உடம்புக்கு ஒண்ணும் ஆகாதா?”

“எந்திரிச்சா போயிருமுங்க. தறியில நின்னப்ப காது போச்சு. இதுல அதுகூட இல்லீங்க.”

மயிலாத்தாள் மங்கையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். அவ்வளவுதான்.

நாச்சிமுத்து உட்கார்ந்தார். கண்ணாடிச் சுவருக்கு இப்பால் நின்று மங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் ஒரு தசை அசையவில்லை. இடது காலின் பெருவிரல் மட்டும் மெல்ல மடங்கியது. முடிந்ததும் எழுந்து, எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, மயிலாத்தாள் நீட்டிய தண்ணீரைக் குடித்தார். அடுத்த வாரம் உரிமம் வந்தது. ‘விலங்கின் வலியைத் தானே உணர்ந்து அறிந்தவர்’ என்று அதில் மங்கையர்க்கரசியின் பெயர் பொன்னிற எழுத்தில் அச்சாகியிருந்தது. நிறுவனத்தின் இயக்குநர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்.

எலிகளில் மருந்து நன்றாகவே வேலை செய்தது. ஊசி போட்ட சில நாட்களில் அவை நரம்பு கட்டிய காலை ஊன்றி நடந்தன. மங்கை சந்தோஷமாகத்தான் இருந்தாள், ஒரு நாள் காலையில் மயிலாத்தாள் நிறுவனத்தின் வாசலில் வந்து நிற்கும்வரை.

“எங்கூட்டுக்காரரு ஒரு மாதிரி இருக்காருங்க” என்றாள் அவள். “ரோட்டு நடுவுல வரமாட்டேங்கறாரு. செவத்த ஒட்டியேதான் நடக்கறாரு. லைட்டுப் போட்டா கட்டிலுக்கடியில போயி உக்காந்துக்கறாரு. எடது காலு எரியுதுங்கறாரு. வேட்டி பட்டாக்கூடக் கத்தறாரு.”

“கத்தறாரா?”

“சத்தம் வரதில்லீங்க. வாயை மட்டும் தொறக்கறாரு.”

மங்கைக்குத் தன் ஆய்வுக்கூடத்து எலிகள் நினைவுக்கு வந்தன. எலி வலியில் போடும் கூச்சல் மனிதக் காதுக்கு எட்டாத உச்ச ஸ்தாயியில் இருக்கும். கருவி வைத்துத்தான் அதைக் கேட்க முடியும்.

“எப்போலேர்ந்து?”

“உங்களுக்காக உக்காந்தாருல்லீங்களா, அதுக்கப்பறந்தான். அதுக்கும் மேல ஆணையத்துக்குப் போனா தொப்பி இவர ஏத்துக்க மாட்டேங்குதாமா. வேலையும் போச்சுங்க.”

அன்றைக்கே மங்கை சோமனூர் போனாள். வரிசை வீடுகளில் ஒன்று அது. ஒரே அறை, மேலே சிமெண்ட் ஷீட். நாச்சிமுத்து கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே குறுகி உட்கார்ந்திருந்தார். சட்டை சுத்தமாகத்தான் இருந்தது. அவளைப் பார்த்ததும் எழ முயன்று, முடியாமல், “வாங்க மேடம்” என்றார். இடது காலைப் பரிசோதித்தபோது காயம் எதுவும் இல்லை. ஒரு பஞ்சை எடுத்து லேசாகத் தொட்டாள். அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

இந்த வலிக்கான மருந்து அவளுடைய குளிர்பெட்டியில் இருந்தது. ஆனால் மனிதருக்கு அதைக் கொடுக்க அனுமதி இல்லை. இன்னும் எத்தனையோ படிகள் தாண்ட வேண்டும். கொடுத்தால் மங்கை சிறைக்குப் போவாள்.

அவள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். தொழிலாளர் நலத்துறையில், உட்கார்ந்திருப்பது தொழில் ஆகாது என்றார்கள். மனித ஆராய்ச்சிகளைக் கண்காணிக்கும் இடத்தில், அவர் மேல் ஆராய்ச்சி எதுவும் நடக்கவில்லையே, ஆராய்ச்சி நடந்தது எலி மேல்தானே என்றார்கள். கடைசியில் தேவசகாயத்திடமே வந்தாள்.

“எனக்கும் மனசு கேக்கலை மேடம்” என்றார் அவர். உண்மையாகவே அவர் முகம் வாடியிருந்தது. “ஆனா மனுஷன் எங்க வரம்புக்குள்ள வரமாட்டான். விலங்குன்னா மனிதரல்லாத உயிர்னு முதல் பக்கத்துலயே இருக்கு. அவரு ஒரு முயலா இருந்திருந்தா இன்னைக்கே வண்டி அனுப்பியிருப்பேன்.”

“தொப்பி ஏன் அவரை ஏத்துக்க மாட்டேங்குது?”

“அது மாட்டினவுடனே யாரு உட்கார்ந்திருக்காங்கன்னு முதல்ல பார்க்கும். மனுஷன்னாதான் ஓடும். இவருக்குப் போட்டா எலின்னு காட்டுது. அத்தனை தடவை ஓட்டினதுல நரம்பு அந்தப் பாதையையே படிச்சுக்கிச்சு போல.”

மங்கை மேசை மேலிருந்த சட்டப் புத்தகத்தைப் பார்த்தாள்.

“சார், ஒரு உயிர் என்ன இனம்னு சந்தேகம் வந்தா சட்டப்படி யார் முடிவு பண்றது?”

“கருவிதான், இந்தத் தொப்பி. மனுஷங்க பாரபட்சமா இருப்பாங்கன்னு அந்த அதிகாரத்தை அதுக்குத்தான் கொடுத்திருக்கு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். சட்டப் புத்தகத்தை எடுத்து இரண்டு இடத்தில் விரல் வைத்துப் படித்தார். “எழுத்து மூலமா கேளுங்க” என்றார். “பரிசீலிக்கலாம்.”

மயிலாத்தாளிடம் இதைச் சொல்ல மங்கைக்கு நாக்கு கூசியது. ஆராய்ச்சிக்கான எலி என்று பதிவு செய்தால் மருந்தைச் சட்டப்படி கொடுக்கலாம் என்று சுற்றி வளைத்துச் சொன்னாள். மயிலாத்தாள் அழுவாள், அல்லது வையவாவது வைவாள் என்று எதிர்பார்த்தாள்.

“எலின்னு எழுதினா வேற என்னங்க ஆகும்?”

“வாராவாரம் டாக்டர் வந்து பார்ப்பாங்க. மாட்டு டாக்டர்தான். சாப்பாடு, இடம் எல்லாம் விதிப்படி இருக்கான்னு ஆணையம் பார்க்கும். ஒரு தடவை கடுமையான வலி கொடுத்த விலங்குக்கு மறுபடியும் கொடுக்கக் கூடாது.”

“அப்ப இவர மறுக்கா தொப்பியில உக்கார வெக்க முடியாதுங்களா?”

“முடியாது. உட்கார வச்சா ஜெயில்.”

“எலின்னே போடுங்க” என்றாள் மயிலாத்தாள்.

நாச்சிமுத்துவைக் கேட்டார்கள். “பேரு மாத்தோணுங்களா?” என்று மட்டும் கேட்டார். வேண்டியதில்லை என்றதும் தலையசைத்தார்.

புதிய எலி என்றால் புதிய விண்ணப்பம். புதிய விண்ணப்பம் என்றால் உணர்வுத் தேர்வு. அந்த விலங்கின் வலியை விண்ணப்பதாரர் உணர வேண்டும். பேக்கரியிலிருந்து யாரையாவது அழைத்துவரலாம் என்று தேவசகாயம் சொன்னார். மங்கை வேண்டாம் என்றுவிட்டாள். இந்த முறை ரத்தக் கொதிப்பு மாத்திரை போட்டுக்கொண்டு தானே வந்து உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் நாச்சிமுத்து. அவர் தலையிலிருந்து அவள் தலைக்கு வயர் போயிற்று.

வால் வந்தது. வெளிச்சம் வந்தது. கால் எரிந்தது. ஆனால் பழைய எலியின் வலியோடு ஒப்பிட்டால் இது அமைதியாக இருந்தது. அந்த எலி தப்பிக்கப் பார்த்தது. இதில் அந்தத் தவிப்பே இல்லை. வீட்டில் நெடுநாளாகத் தங்கிவிட்ட விருந்தாளிக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தது போல, அந்த வலிக்கு அவர் உடம்பில் இடம் விட்டிருந்தார். மங்கை கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். வாளி தேவைப்படவில்லை. எழுந்து போய்க் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

‘வலி: மிதமானது. சகிக்கத்தக்கது’ என்று கருவி அறிக்கை கொடுத்திருந்தது.

அதன் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. தேவசகாயம் இருப்பிடத்தைப் பார்வையிட வந்தார். அறையின் நடுவில் நின்று வெப்பமானியைத் தூக்கிப் பிடித்தார்.

“இந்தச் சூடு எலிக்கு ஆகாதே மேடம்.”

“நாங்க வெகு வருசமா இதுலதானுங்க இருக்கறோம்” என்றாள் மயிலாத்தாள்.

“நீங்க இருக்கலாம்மா. உங்களுக்கு விதி இல்லையே.”

மறுநாளே ஆட்கள் வந்து ஏசி மாட்டினார்கள். தெருமுனைக் கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி உத்தரவு போயிற்று. சத்துணவு வந்தது. விலங்கைத் தனியாக வைக்கக் கூடாது, துணை வேண்டும் என்று ஒரு விதி. “நான் இருக்கறனுங்களே” என்றாள் மயிலாத்தாள். அவள் வேறு இனம் என்பதால் தேவசகாயம் சற்றுத் தயங்கினார். பிறகு ‘துணை உண்டு’ என்று குறித்துக்கொண்டார். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் தங்களையும் எலியாகப் பதிந்துகொள்ள வழி உண்டா என்று மங்கையை ஓரமாக அழைத்து விசாரித்தார்கள்.

மங்கை ஊசி போட ஆரம்பித்தாள். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வேட்டி பட்டால் அவர் சும்மா இருந்தார். பிறகு விளக்கு எரியும்போதே கட்டில் மேல் படுத்தார். ஒரு நாள் காலை மங்கை பேருந்தை விட்டு இறங்கியபோது, எதிர்ப்பக்கக் கடையிலிருந்து நாச்சிமுத்து பால் பாக்கெட்டோடு வந்துகொண்டிருந்தார். சாலையின் நட்டநடுவில். ஒரு லாரிக்காரர் அவரைத் திட்டிவிட்டுப் போனார். மயிலாத்தாள் வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மங்கைக்குத் தன் வாழ்நாளில் அதைவிட நல்ல காட்சி நினைவில்லை.

ஆணையத்தில் தொப்பியை மாட்டிப் பார்த்தார்கள். மனிதர் என்று காட்டியது.

“வாழ்த்துகள் மேடம்” என்று தேவசகாயம் கை கொடுத்தார். “உங்க எலி குணமாயிடுச்சு.”

அன்று மாலையே வண்டி வந்து ஏசியைக் கழற்றிக்கொண்டு போயிற்று. மாட்டு டாக்டர் வருவது நின்றது. மண்டபத்து ஒலிபெருக்கி பழையபடி பாடியது. மனிதருக்கு அந்த உத்தரவு செல்லாது.

மங்கையின் மருந்து அக்கிக்காரர்களுக்குப் போய்ச் சேர இன்னும் பல வருடம் ஆகும். மனிதரில் சோதனைகள் நடக்க வேண்டும். ஆனால் கருவி எலி என்று சொல்லிவிட்டவர்களுக்கு உடனே கொடுக்கலாம் என்று ஆணையம் ஒரு சுற்றறிக்கை விட்டது. முதல் மாதமே மருந்து கேட்டு நாடு முழுவதிலுமிருந்து கடிதங்கள் வந்தன. இயக்குநர் இனிப்பு வழங்கினார். யார் கேட்கிறார்கள் என்று மங்கை பார்த்தாள். எல்லாம் பதிலாட்களை வைத்து நடத்தும் ஒப்பந்தக் கம்பெனிகள். இதுவரை ஒரு ஆளை ஓரிரு வருடங்களுக்கு மேல் உட்கார வைக்க முடியாமல் இருந்தது. எலியாகிவிட்டால் விலக்கிவிட்டு வேறு ஆள் தேட வேண்டும். இனி அந்தத் தொல்லை இல்லை. ஊசி போட்டு மனிதராக்கி மறுபடி உட்கார வைக்கலாம்.

புரட்டாசியில் வேறொரு வேலையாக மங்கை ஆணையத்துக்குப் போனபோது வராந்தாவில் நாச்சிமுத்துவைப் பார்த்தாள். வாரிய தலை, வெள்ளைச் சட்டை. எழுந்து நின்று கும்பிட்டார்.

“மறுபடியும் உட்கார்றீங்களா?” என்றாள் மங்கை.

“ஆமாங்க மேடம். நிறைய வேலைங்க இப்ப. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு.”

“நீங்க பட்டது போதாதா?”

“இப்ப என்னங்க பயம், உங்க ஊசிதான் இருக்குதே” என்று சிரித்தார். அதில் துளிக் குத்தலும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் வராந்தாவின் நடுவில் நிமிர்ந்து நடந்து உள்ளே போனார்.

மயிலாத்தாள் மங்கையின் பக்கத்தில் வந்தாள்.

“மேடம், நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கறாரு. ஆஸ்டல்ல படிக்கற எங்க பொண்ணு நர்சிங் முடிக்கற வரைக்குங்கறாரு. நீங்க மறுக்கா எலின்னு எழுதித் தர முடியுங்களா?”

மங்கை உள்ளே போய்த் தேவசகாயத்திடம் கேட்டாள். அவர் அலட்சியம் செய்யவில்லை. கணினியில் நாச்சிமுத்துவின் அன்றைய அளவுகளை வரவழைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

“இப்போதைக்கு முழு மனுஷன் மேடம். சட்டப்படி நான் ஒண்ணும் செய்ய முடியாது.” பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “ஆனா கவலைப்படாதீங்க. இந்த மாசம் அவர் உட்கார்ற வேகத்தைப் பார்த்தா தீபாவளிக்குள்ள ஆயிடுவார். ஆனதும் முதல் ஆளா நானே பதிஞ்சு தர்றேன்.”

மங்கை வெளியே வந்து மயிலாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். தீபாவளிக்குள் ஆகிவிடுமாம் என்றாள். மயிலாத்தாளின் முகம் தெளிந்தது. இன்னும் கொஞ்ச நாள்தானே, எப்படியாவது ஓட்டிவிடுவோம் என்றாள். நன்றி சொல்லிக் கும்பிட்டாள்.

நல்ல செய்தி சொல்கிற குரலில்தான் அதைச் சொன்னோம் என்பது மங்கைக்குப் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.